பயாஸ்: கிரிட்டுக்கு ஏன் கோடல் வேண்டும்?

வால்வு (வெற்றிடக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபையரைத் திறந்து வேலை பார்க்கிறவர்கள் வாயில் ஓயாமல் புழங்கும் சொல் பயாஸ். இது பிரெஞ்சிலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. முதல் பொருள் சரிவு, குறுக்குச் சாய்வு. துணியை இழைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டுவதும் பயாஸ்தான். நம் தையல் கடைகளில் அதை கிராஸ் கட் என்போம். புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டத்தில், பந்து நேராகப் போகாமல் ஒரு பக்கம் வளைவதற்கும் அதே பெயர். மனச்சாய்வு, பாரபட்சம் எல்லாம் அங்கிருந்து கிளைத்தவை.

வால்வுக்குள் சூடான கேத்தோடு எலக்ட்ரான்களை உமிழ்கிறது, பிளேட் இழுக்கிறது. இடையில் கம்பிச்சுருளாக நிற்பது கிரிட். அதைச் சும்மா விட்டால் மின்னோட்டம் கட்டுக்கு அடங்காமல் பாய்ந்து பிளேட் செக்கச் சிவந்துவிடும். அதனால் கேத்தோடைவிடக் கிரிட்டை எதிர்மின்னழுத்தப் பக்கமாகச் சாய்த்து வைக்கிறோம். இந்தச் சாய்வுதான் பயாஸ். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்பில் இது சுமார் -35 வோல்ட். பழைய பேட்டரி ரேடியோக்களில் இதற்கென்றே ‘சி’ பேட்டரி தனியாக இருந்தது.

சரி, தமிழில்? ஃபார்வர்டு பயாஸ், ரிவர்ஸ் பயாஸ் இரண்டையும் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘முன்னோக்குச் சார்பு’, ‘பின்னோக்குச் சார்பு’ என்கின்றன. ஆனால் கணிதப் புத்தகத்திலும் ‘சார்பு’ உண்டு. அங்கே பொருளே வேறு. இலங்கைப் பாடநூல்கள் ‘முன்முகக் கோடல்’, ‘பின்முகக் கோடல்’ என்கின்றன. என் ஓட்டு இதற்குத்தான். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். நடுநிலை பற்றிய குறளில் துலாக்கோலை உவமை காட்டி ‘ஒருபால் கோடாமை’ என்கிறாரே வள்ளுவர், அதே சொல். துணியின் சாய்வு, பந்தின் வளைவு, மனத்தின் பாரபட்சம் மூன்றையும் இந்த ஒரு வினை தாங்குகிறது. துலாக்கோல் கோடக் கூடாது. கிரிட் கோடியே ஆக வேண்டும்.

இனி இந்தச் சொல்லை வைத்தே வேலையைச் சொல்லிப் பார்க்கிறேன். கோடல் வழங்கிக்கு, அதாவது கோடல் மின்னழுத்தத்தைத் தரும் சுற்றுக்கு, டிரான்ஸ்பார்மரில் சிறிய மின்னழுத்தம் தரும் ஒரு முனை போதும். எதிர்மின்னழுத்தம் கிடைக்க டயோடைத் திருப்பிப் போட வேண்டும். வடிகட்டும் கெப்பாசிட்டரின் நேர்முனை சேசிஸுக்கு (ஆம்பின் உலோகச் சட்டத்துக்கு) போகும். பழக்கமில்லாத கை இங்கேதான் மாற்றி வைத்துவிடும். அப்புறம் கோடலைக் கூட்டிக் குறைக்க ஒரு பாட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்). அதன் நடுமுனை என்றாவது தொடர்பு விட்டால் கோடல் மொத்தமாகப் போய் வால்வு கருகும். நடுமுனைக்கும் அதிக எதிர்மின்னழுத்தம் உள்ள முனைக்கும் இடையே ஒரு ரெசிஸ்டர் போட்டுவிடுங்கள். தொடர்பு விட்டாலும் கோடல் கூடுமே தவிரக் குறையாது. அளவுக்கு ஒரு கணக்கு: இஎல்34 என்ற வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். நிலையான கோடலுள்ள புஷ்-புல் (வால்வுகள் மாறி மாறி உழைக்கும்) ஆம்பில் அதில் 70 விழுக்காடு, அதாவது 17.5 வாட்டோடு நிறுத்துவது வழக்கம். பிளேட்டில் 450 வோல்ட் இருந்தால், பாட்டு இல்லாத நேரத்தில் ஒரு வால்வுக்குச் சுமார் 39 மில்லிஆம்பியர் வரும்படி கோடலைத் திருகி வையுங்கள்.