கூட்டுக்குப் பக்கத்தில் கேமரா வேண்டாம்

இளவேனில் பிறந்ததும் கேமராவோடு கிளம்புகிறவர்கள் பலர் முதலில் தேடுவது பறவைக் கூட்டைத்தான். அந்தப் படத்தை மட்டும் விட்டுவிடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முட்டைக்கும் இறகு முளைக்காத குஞ்சுக்கும் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. நமக்குப் பயந்து தாய் எழுந்து போனால் காலைக் குளிரில் விறைத்துவிடும், உச்சி வெயிலில் வெந்துவிடும். படத்தில் குறுக்கே வருகிறதென்று இரண்டு இலையைக் கிள்ளினால், அந்த இடைவெளி வழியே காகத்துக்கும் கூடு தெரியும். பறக்கும் நாளை நெருங்கிய குஞ்சுகள் ஆள் வந்ததும் இறக்கை தேறும் முன்பே வெளியே குதித்துவிடும்.

அலகில் புழுவோடு வந்த பறவை கூட்டுக்குள் போகாமல் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, வாலை ஆட்டியபடி உங்களையே பார்க்கிறதா? குஞ்சின் சாப்பாடு உங்களால் தடைபட்டு நிற்கிறது. அது தயங்காமல் உள்ளே போகும் தூரம் வரை பின்வாங்கிவிட்டு, அங்கிருந்தும் கிளம்பிவிடுங்கள். செல்பேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் கூடாது. எதிரி வந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடும் வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும். பூத்த மரத்தருகே, தண்ணீர் ஓரத்தில், தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் 300 அல்லது 400 மி.மீ. லென்ஸோடு அசையாமல் காத்திருங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/500 நொடி போதும். பறப்பதற்கு 1/2000 வேண்டும்.

பூக்களில் சிக்கல் வேறு. மிக அருகிலிருந்து எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸில் ஒரு பூவை அதன் அளவில் பாதியாகப் பதிவு செய்யும்போது, f/8-லும் (இது லென்ஸ் துவாரத்தின் அளவு; எண் கூடக் கூடத் துவாரம் சிறுக்கும்) கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 3 மி.மீ.தான். கையிலே பிடித்தால் உடம்பின் ஆட்டமே அதைத் தின்றுவிடும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு, மெல்ல முன்னே சாய்ந்தபடி தொடர்ச்சியாக ஐந்தாறு படம் எடுங்கள். ஒன்றாவது மகரந்தத்தில் சரியாக விழும். f/16-க்கு மேலே போனால் ஆழம் கூடினாலும் மொத்தப் படமும் மழுங்கும். காற்றடித்தால் ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே இறங்க வேண்டாம்.

வெள்ளைப் பூ படத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை (பதிவாகும் ஒளியின் அளவை) +0.7 முதல் +1 வரை கூட்டுங்கள். செக்கச்செவேல் என்ற பூவில் நேர்மாறு: சிவப்புச் சேனல் (படத்தில் சிவப்பு ஒளியின் பதிவு) மட்டும் உச்சத்தில் முட்டிப்போய், இதழின் நரம்புகள் காணாமல் போய் வண்ணத் திட்டாகிவிடும். மொத்த ஹிஸ்டோகிராம் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) அதைக் காட்டிக்கொடுக்காது; சிவப்பைத் தனியாகப் பார்த்து −0.7 வரை குறையுங்கள். பூச்சியை அசையாமல் நிறுத்த ஃப்ரிட்ஜில் வைப்பது கொடுமை. விடியலில் குளிர் விலகும் முன் போனால் அது தானாகவே அசையாமல் இருக்கும்.

அரிய செடியின் படத்தைப் பகிர்வதற்கு முன் அதிலுள்ள இடக்குறிப்பை நீக்குங்கள். அடுத்த வாரம் அங்கே பத்துப் பேர் மிதித்திருப்பார்கள்.

இனி மனிதர்கள். தளிர் மரத்தடியில் உட்கார்ந்திருப்பவரின் முகம் படத்தில் பச்சை பூத்துத் தெரியும். இலை ஊடாக வடியும் ஒளியும், புல்லில் பட்டுத் திரும்பும் ஒளியும் செய்யும் வேலை அது. நிழலின் விளிம்புக்கு வரச் சொன்னாலே பாதி சரியாகிவிடும். தெருக்காட்சிக்கு 35 மி.மீ. லென்ஸ், f/8, 1/250 நொடி. முழுச்சட்டகக் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) ஃபோகஸை 3 மீட்டரில் நிறுத்தினால் ஏறக்குறைய 2 முதல் 7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். ஒவ்வொரு முறையும் ஃபோகஸ் தேட வேண்டாம். வேலையில் இருப்பவரைப் பார்த்து, கேமராவைச் சற்றே தூக்கிக் காட்டித் தலையசைவுக்குக் காத்திருங்கள். வேண்டாமென்று கை காட்டினால் அத்தோடு விடுங்கள். எடுத்துவிட்டிருந்தால் அவர் கண்முன்னே அழியுங்கள். குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேட்ட பிறகே எடுக்க வேண்டும். சீருடையில் பள்ளிப் பெயரோ பின்னால் வீட்டு எண்ணோ தெரிந்தால், கோணத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.