அடிக்டிவ்: தமிழில் எப்படிச் சொல்வது?

அடிக்டிவ் ஓர் ஆங்கிலப் பெயரடை. ஆளைப் பிடித்துக்கொண்டு விடாத பொருளையும் அது குறிக்கும், அப்படிப் பிடிபட்டவரின் நடத்தையையும் குறிக்கும். தமிழாக்கத்தில் வரும் குழப்பமெல்லாம் இங்கிருந்துதான்.

வேர்ச்சொல் லத்தீன் மொழியின் 'அட்டீக்கெரே'. ரோமானிய நீதிமன்றத்தில் ஒன்றை இன்னாருக்கு உரியது என்று தீர்ப்பளிப்பதற்கு அந்தப் பெயர். கடனைக் கட்ட வழியில்லாதவனைக் கடன் கொடுத்தவன் கையிலேயே ஒப்படைத்துவிடுவார்கள், அவன் 'அட்டிக்டுஸ்'. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டப்படி அவனை 60 நாள் விலங்கிட்டு வைத்திருக்கலாம். அதற்குள் யாரும் மீட்க வராவிட்டால் டைபர் ஆற்றுக்கு அப்பால் விற்றுவிடலாம். ஆகவே 'அடிமை' என்று நாம் சொல்வது வேரையே தொடுகிறது.

16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் இந்த வேரிலிருந்து வந்த 'அடிக்ட்' என்ற சொல்லுக்கு இழிவு ஒட்டவில்லை. படிப்பில் மூழ்கியவரையும் அப்படிச் சொன்னார்கள். தமிழிலும் அடிமைக்கு இந்த முகம் உண்டு. 'வழுவிலா அடிமை செய்ய வேண்டும் நாம்' என்று நம்மாழ்வார் பாடுவது தொண்டைத்தான். போதையோடு ஒட்டிய பொருள் ஆங்கிலத்தில் வலுப்பட்டது 20ஆம் நூற்றாண்டில். பிறகு போதைப்பொருளே இல்லாத பழக்கங்களும் சேர்ந்தன: அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேட்டில் சூதாட்டம், 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் வீடியோ கேம்.

சூதைப் பற்றி வள்ளுவர் முன்பே சொல்லிவிட்டார்: 'இழத்தொறூஉம் காதலிக்கும் சூதேபோல்'. இழக்க இழக்க ஆசை கூடுவது இந்த நோயின் அடையாளங்களில் ஒன்று. இதைவிடச் சுருக்கமான வரையறையை நான் பார்த்ததில்லை.

சரி, எப்படி எழுதலாம்? நிக்கோட்டின் போன்றவற்றுக்கு 'அடிமைப்படுத்தும் பொருள்' பொருந்தும். ஆனால் 'அடிமைப்படுத்தும் நடத்தை' என்று செய்திகளில் வருவது பெரும்பாலும் பிழை; சொல்ல வருவது அடிமைப்பட்டவரின் நடத்தையை. அதற்கு 'விடமுடியாப் பழக்கம்' போதும். 'விட முடியலையே' என்றுதானே வீடுகளில் அழுகிறார்கள்! முறுக்கு, சீரியல் போன்ற விளையாட்டுப் பேச்சுக்கு 'எடுத்தால் கை நிற்காது', 'பைத்தியம்' எல்லாம் நம்மிடம் இருக்கின்றன. அங்கே அடிமை என்ற கனத்த சொல் வேண்டாம்.

மருத்துவம் பற்றி எழுதுகிறவர்கள் நோயாளியை 'குடி அடிமை' என்று குறிப்பதையும் விட வேண்டும். அது நோயை ஆளின் பெயராக்கிவிடுகிறது. உலக சுகாதார நிறுவன வல்லுநர் குழு 1964இலேயே 'சார்பு' என்று பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. 'மதுச் சார்பு உள்ளவர்' என்று தாராளமாக எழுதலாம்.