நண்பர்களோடு சாப்பிடப் போவதை நிறுத்தாதீர்கள்

“இனிப்புநீர் (நீரிழிவு) இருக்கிறது என்று சொன்ன நாளிலிருந்து நான் வெளியே சாப்பிடப் போவதே இல்லை, அம்மா.” கோலாலம்பூரில் உணவுமுறை நிபுணராக இருக்கும் என்னிடம் முதன்முறை வரும் பலர் இதைப் பெருமையோடு சொல்வார்கள். அவர்கள் கொண்டுவரும் இரத்தப் பரிசோதனைத் தாளில் எச்பிஏ1சி அளவு பெரும்பாலும் குறைந்திருக்காது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும் எண் அது; ஒரு நாள் விருந்துக்கு அவ்வளவாக அசையாது, நாள்தோறும் நடப்பதைத்தான் சொல்லும். வெள்ளிக்கிழமை இரவு மாமாக் கடை எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவகத்தில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு மணி நேரத்தை அவர்கள் விட்டுவிட்டார்கள். வீட்டுச் சாப்பாடு பழையபடியே இருக்கிறது.

மூன்று வேளை என்று கணக்குப் போட்டால் வாரத்தில் 21 வேளை சாப்பிடுகிறோம். நண்பர்களோடு சாப்பிடுவது அதில் ஒன்றோ இரண்டோதான். மற்ற வேளைகளைச் சீர்ப்படுத்தாமல் அந்த ஒன்றை மட்டும் வெட்டி எறிவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஓய்வு பெற்றவர்கள் விஷயத்தில் இது இன்னும் கவலை தருகிறது. காலையில் பசியாறப் போய், பழைய வேலையிடத்து நண்பர்களோடு பேசிவிட்டு வருவதுதான் அவர்களில் பலருக்கு வீட்டை விட்டு வெளியேறும் ஒரே காரணம். அதையும் நிறுத்தினால் நடை குறைகிறது, பேச்சு குறைகிறது, மனம் சுருங்குகிறது. அப்படிச் சுருங்கிய மனத்தோடு மருந்தையும் உணவையும் ஒழுங்காகக் கவனிப்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நிலைமை சாதாரணமானது என்று நான் சொல்லவில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்நிலை ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாக இருந்தாலும், பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். நம் வீட்டுச் சமையலறையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியாக வேண்டும்.

அங்கே நான் முதலில் பார்ப்பது உழைப்பின் சுமை. குழம்பு, பொரியல், கூட்டு, பொரித்த மீன், அப்பளம் என்று எல்லாம் இருந்தால்தான் அது சமையல் என்று பல வீடுகளில் இன்னமும் எதிர்பார்க்கிறார்கள். செந்தூலிலிருந்தோ பூச்சோங்கிலிருந்தோ விடியும் முன்பே கிளம்பி, இரவு ஏழு மணிக்கு மேல் வீடு திரும்பும் ஒரு பெண்ணால் அதை எப்படிச் செய்ய முடியும்? முடியாத நாளில் மீ கோரெங் (வறுத்த மீ) தப்பாவ் செய்கிறார்கள், அதாவது கடையில் பொட்டலம் கட்டி வாங்கி வருகிறார்கள், அல்லது சோற்றைக் குவித்து, மிச்சமிருந்த குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுப் படுக்கிறார்கள். சமையல் எளிதானால்தான் அது தினமும் நடக்கும். வீட்டில் இருக்கும் ஆண்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால், எதிர்பார்ப்பைக் குறைப்பதோடு நிறுத்தாமல் வெங்காயத்தையும் நறுக்குங்கள்.

ஒரு பருப்பு, ஒரு கீரை, ஒரு மீன் அல்லது முட்டை. வார நாளுக்கு இவ்வளவு போதும். ஞாயிற்றுக்கிழமை பிரஷர் குக்கரில் பருப்பை மொத்தமாக வேகவைத்து, ஆறியதும் சிறு டப்பாக்களில் பிரித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியது குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். மீதி உறைபெட்டிக்குப் போகட்டும். மாலையில் ஒரு டப்பாவை எடுத்து, தக்காளியும் முருங்கைக்கீரையும் சேர்த்துக் கொதிக்கவைத்துத் தாளித்தால் கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி) விலை குறைவு, ஒமேகா-3 கொழுப்பு நிறைந்தது. மஞ்சளும் மிளகும் தடவி, ஒட்டாத சட்டியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு வாட்டினால் போதும். முழுகப் பொரிக்கத் தேவையில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டு ஊற்றுங்கள். கையால் சாய்த்து ஊற்றுவதற்குப் பதில் கரண்டியால் அளந்தாலே மாதாந்திர எண்ணெய்ச் செலவு குறைவதை வீட்டில் உள்ளவர்கள் கவனிப்பார்கள்.

சார்டின் டின்னை நான் தடுப்பதில்லை. வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் புளி சேர்த்துக் கிளறினால் நல்ல உணவுதான். அதன் சாற்றில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மேலும் உப்புப் போட வேண்டாம், அவ்வளவுதான். தவ்கேயும் (முளைப்பயறு) தெம்பேயும் (புளிக்கவைத்த சோயா அவரைக் கட்டி) நம் சமையலுக்கு அந்நியம் என்று சில பெரியவர்கள் ஒதுக்குகிறார்கள். இந்த மண்ணில் விலை குறைவாகக் கிடைக்கும் நல்ல உணவு அவை. தெம்பேயைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கறிவேப்பிலையும் வரமிளகாயும் போட்டுப் புரட்டிப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

சோறு பற்றி இரண்டு செய்தி. முதலாவது அளவு. சுகாதார அமைச்சு சொல்லும் ‘சுக்கு சுக்கு செபாரோ’ முறையில் தட்டின் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். நம் வீடுகளில் பாதிக்கு மேல் சோறும், ஓரத்தில் ஒரு கைப்பிடி காயும் இருக்கின்றன. இரண்டாவது, காலையில் வடித்த சோற்றை இரவு வரை மேசையிலேயே மூடி வைப்பது. பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. நம் வெப்பத்தில் சோறு வெளியில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன, மறுபடி சூடாக்கினாலும் அது போவதில்லை. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

வீடு இப்படி ஒழுங்குக்கு வந்துவிட்டால் வெளியே போகும் வேளையைப் பயமில்லாமல் அனுபவிக்கலாம். அங்கும் சில பழக்கங்கள் உதவும்.

முதலில் பானம். நான் பார்த்தவரை வெளிச் சாப்பாட்டில் அதிகம் சிக்கல் செய்வது ரொட்டி சானாய் அல்ல, அதோடு வரும் தே தாரிக் என்னும் ஆற்றிய பால் தேநீர். இனிப்பூட்டிய டின் பாலில் ஏறக்குறைய பாதி எடை சர்க்கரைதான். ஒரு குவளைக்கு இரண்டு மேசைக்கரண்டி விட்டால் அதுவே நான்கு தேக்கரண்டி சீனிக்குச் சமம். பேச்சு சுவாரசியத்தில் இரண்டாவது குவளையும் வந்துவிடும். சேர்க்கப்படும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அந்த மேசையிலேயே நாம் அதைத் தாண்டிவிடுகிறோம். 2019 ஜூலை முதல் அரசாங்கம் விதிக்கும் சர்க்கரை வரி தொழிற்சாலையில் தயாராகும் பானங்களுக்கானது. கடையில் நம் கண்முன்னே ஆற்றித் தரும் தேநீரை அது தொடுவதில்லை, ஆகவே அங்கே காவல் நாம்தான். ‘குராங் மானிஸ்’ (இனிப்புக் குறைவாக) என்று கேட்டாலும் டின் பால் விழும், கொஞ்சம் குறைவாக. ‘தே சி கோசோங்’ என்று கேளுங்கள்: சீனி சேர்க்காத ஆவிப்பால் மட்டும் விடுவார்கள், பால் தேநீரின் சுவையும் கெடாது. பழகாத நாக்குக்கு முதலில் சப்பென்று இருக்கும். சில வாரங்களில் பழைய இனிப்பே திகட்டுவதாக என்னிடம் வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போனால் காயிலும் மீனிலும் தொடங்குங்கள். காயையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்கு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையின் உயரம் குறைகிறது. சோறு பரிமாறுபவர் கேட்காமலே இரண்டாம் முறை போடுவார். இலைமேல் கையை நீட்டி, காய் மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் முகம் சுளிக்காமல் போடுவார்கள். பொரித்த பாகற்காய் காய்கறிக் கணக்கில் வராது, அது எண்ணெய்க் கணக்கு. ரசமும் மோரும் தாராளமாக இருக்கட்டும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் மட்டும் அவற்றின் உப்பைப் பார்க்க வேண்டும்.

பினாங்குக்குப் போகும்போது நாசி கண்டார் (பலவகைக் குழம்போடு பரிமாறும் சோறு) வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். தமிழ் முஸ்லிம்கள் இந்த நாட்டுக்குத் தந்த அந்த உணவைச் சுவைக்காமல் திரும்புவது வருத்தமான காரியம். எல்லாக் குழம்பையும் சோற்றின்மேல் ஊற்றும் ‘பாஞ்சிர்’ கேட்கும்போதுதான் உப்பும் கொழுப்பும் எல்லை மீறுகின்றன. பாதிச் சோறு, ஒரு வகை இறைச்சி அல்லது மீன், வெண்டைக்காய், குழம்பு தனிக் கிண்ணத்தில் என்று கேட்டுப் பாருங்கள். சாப்பிட்டு முடித்ததும் காரில் ஏறிவிடாமல் நண்பர்களோடு பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். தசைகள் இயங்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன.

என்னைப் பயமுறுத்துவது வேறொன்று. இரவு விருந்துக்காகப் பகல் முழுவதும் பட்டினி கிடப்பவர்களும், தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகும் முன் “இன்றைக்கு மட்டும்” என்று மாத்திரையை இரட்டிப்பாக்கிக்கொள்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். இன்சுலினோ, உடலில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்ளசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. இரத்தச் சர்க்கரை 4 மில்லிமோல்/லிட்டருக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பேச்சுக் குழறும். அவர் காரோட்டிக்கொண்டிருந்தால் மற்றவர்களும் மாட்டிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் ‘கோசோங்’ தேநீர் உதவாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கவைத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி அளந்து பார்க்க வேண்டும். மயங்கிவிட்டவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999 எண்ணை அழையுங்கள். உங்களுக்கு என்ன நோய், என்ன மருந்து என்பது உடன் சாப்பிடும் நண்பர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

மருந்தின் அளவை மாற்றுவது மருத்துவரின் வேலை. விருந்தோ பயணமோ வரப்போகிறது என்றால் முன்கூட்டியே அவரிடம் கேளுங்கள். உணவைப் பற்றிப் பேச வேண்டுமானால், அரசாங்க சுகாதார கிளினிக்கில் உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் உணவுமுறை நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். வரும்போது சில நாட்கள் சாப்பிட்டதை எழுதிக் கொண்டுவாருங்கள், நண்பர்களோடு சாப்பிட்டதையும் சேர்த்து. வீட்டில் சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் அழைத்து வாருங்கள். அவரோடுதான் எனக்கு அதிக நேரம் பேச வேண்டியிருக்கும்.