ரேடியோசர்ஜரி: கதிரறுவையா, குவிகதிர்ச் சிகிச்சையா?

மண்டையைத் திறக்காமல், மெல்லிய கதிர்க்கற்றைகள் பலவற்றை வெவ்வேறு திசைகளிலிருந்து செலுத்தி, மூளைக்குள் ஒரே இடத்தில் சந்திக்க வைத்து, அங்குள்ள கோளாறை அழிக்கும் முறைக்கு ரேடியோசர்ஜரி என்று பெயர். காமா நைஃப் கருவியில் இப்படிச் சுமார் 200 கற்றைகள். தனித்தனியே ஒவ்வொன்றும் வலுக்குறைந்தது, கூடுமிடத்தில்தான் வேகம்.

1951இல் இந்தப் பெயரைச் சூட்டியவர் சுவீடன் நாட்டு மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல். லத்தீன் ‘ரேடியஸ்’ கதிரையும் குறிக்கும், சக்கரத்தின் ஆரக்காலையும் குறிக்கும். ‘சர்ஜரி’யின் கிரேக்க வேருக்குக் கைவேலை என்று பொருள். கத்தி வைக்காத வேலைதான். ஆனாலும் அறுவை நிபுணரைப் போலக் குறிபார்த்து, பெரும்பாலும் ஒரே அமர்வில் முடிப்பதால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

குழந்தைகளுக்கு இது முக்கியமாகத் தேவைப்படும் நோய்களில் ஒன்று ஏ.வி.எம்.; அதாவது மூளையில் தமனியும் சிரையும் நேரடியாக இணைந்து கொத்தாகப் பின்னிக் கிடக்கும் ரத்தக்குழாய்க் கோளாறு. தமனி ரத்தம் நுண்ணிய தந்துகிகள் வழியாக வேகம் தணிந்து சிரைக்குப் போக வேண்டும். இந்தக் கோளாறில் இடையில் தந்துகியே இல்லை. மடையில்லாத கண்மாய்த் தண்ணீர் நேரே வாய்க்காலில் பாய்ந்தால் கரை என்ன பாடுபடுமோ, அந்தப் பாடு சிரைக்கு. ஆண்டுக்கு நூற்றில் இரண்டு முதல் நான்கு பேருக்கு ரத்தம் கசியலாம். பத்து வயதுப் பிள்ளைக்கு முன்னால் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்த்தால், மருத்துவர்கள் ஏன் சும்மா விடுவதில்லை என்பது புரியும்.

தமிழில் ‘கதிர்வீச்சு அறுவை சிகிச்சை’ என்று எழுதுகிறோம், சுருக்கினால் ‘கதிரறுவை’. சோழவந்தான், மேலூர்ப் பக்கம் கதிரறுப்பு என்றால் நெல் அறுவடை. அதைவிடப் பெரிய சிக்கல் ‘அறுவை’. ‘வாளால் அறுத்துச் சுடினும் மருத்துவன்பால்’ என்று குலசேகராழ்வார் பாடும்போது அறுப்பது வேறு, சுடுவது வேறு. இந்தச் சிகிச்சை சுடுவதற்குத்தான் நெருக்கம்.

பேச்சு வழக்கிலோ கதிர்வீச்சு என்றாலே ‘கரண்டு வைக்கிறது’. மதுரையில் ஒரு ஸ்கேன் சென்டர் வாசலில், உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர் மகனை மடியில் சாய்த்துக்கொண்டு கேட்டார்: “தலையத் தொறக்க மாட்டாங்களாம், கரண்டு வைப்பாங்களாம். பிள்ளைக்கு ஷாக் அடிக்காதாய்யா?” அடிக்காது. கதிர் பாயும்போது வலியும் தெரியாது. தலையில் சட்டகம் பொருத்தி அசையாமல் படுக்க வேண்டும்; சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பார்கள்.

ஆகவே நான் சொல்ல விரும்பும் சொல் ‘குவிகதிர்ச் சிகிச்சை’. கதிர்கள் குவிகின்றன என்ற செயல்முறையே பெயரில் இருக்கிறது. கத்தி பயமும் இல்லை, கரண்டு பயமும் இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. அறுவை என்றால் அன்றே தீர்ந்தது என்று பெற்றோர் நினைத்துவிடுகிறார்கள். கதிர் பட்ட ரத்தக்குழாயின் உட்சுவர் மெல்ல மெல்லத் தடித்து அடைபட இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிக்கும். 3 சென்டிமீட்டருக்குக் குறைந்த சிறிய கொத்துகளில் பலன் அதிகம். அடைபடும்வரை கசியும் ஆபத்து நீங்குவதில்லை. திடீர்த் தலைவலி, வாந்தி, வலிப்பு வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முழுதாக அடைபட்டதென்று ஆஞ்சியோகிராம் என்னும் ரத்தக்குழாய்ப் படத்தில் தெரிந்த பிறகும் சில குழந்தைகளுக்கு அது மறுபடி முளைத்ததுண்டு. அதனால் பிள்ளை தலைக்குமேல் வளர்ந்துவிட்டாலும், மருத்துவர் சொல்லும் ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.