இமாடினிப் பலிக்காதபோது: அடுத்த மாத்திரைக்கு என்ன சான்று வேண்டும்?

உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில், நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் 2015-இல் இடம்பெற்றது. 2017-இல் டாசாடினிப், நிலோடினிப் இரண்டும் சேர்ந்தன. ஆனால் ஒரு நிபந்தனை: இமாடினிபுக்குக் கட்டுப்படாத நோய்க்கு. இந்தப் பட்டியல் எந்த நாட்டையும் கட்டுப்படுத்தாது. அரசுகள் தங்கள் பட்டியலைத் தயாரிக்க முன்மாதிரியாக எடுத்துக்கொள்கின்றன.

எனவே அடுத்த மாத்திரைக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்கும்போது, "கட்டுப்படாத" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் நிற்கிறது. அதை நிரூபிப்பது, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் பிசிஆர்-ஏபிஎல் (BCR-ABL) மரபணு ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்ற அளவு. ஐரோப்பிய லுகீமியா வலையமைப்பின் 2020 பரிந்துரைப்படி, அது சிகிச்சை தொடங்கிய 3 மாதத்தில் 10 சதவீதத்துக்கும், 6 மாதத்தில் 1 சதவீதத்துக்கும், 12 மாதத்தில் 0.1 சதவீதத்துக்கும் மேல் போகக் கூடாது. 6 மாதத்தில் 10-ஐயோ, 12 மாதத்தில் 1-ஐயோ தாண்டினால் சிகிச்சை தோல்வி. இடைப்பட்டது எச்சரிக்கை மட்டுமே. 3 மாதத்தில் 10-க்கு மேல் வந்தால் உடனே தோல்வி என்று எழுத முடியாது. 1 முதல் 3 மாதத்துக்குள் மறுபடி பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

பரிசோதனை அறிக்கையில் "சர்வதேச அளவுகோல்" (International Scale, IS) என்று குறிப்பிட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஓர் ஆய்வகத்தின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

அடுத்த கேள்வி சங்கடமானது: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா? எண் ஏறுவதற்கு விட்டுப்போன மாத்திரைகளே அடிக்கடி காரணம். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிடாயின், கார்பமசெபின் போன்ற மருந்துகளும் ரத்தத்தில் இமாடினிப் அளவைக் குறைத்துவிடும். இவற்றை விலக்கிவிட்டோம் என்ற ஒரு வரி டாக்டரின் கடிதத்தில் இருப்பது நல்லது. பக்கவிளைவு தாங்காமல் மருந்தை மாற்றுவது வேறு விஷயம். அதைக் "கட்டுப்படாத நோய்" என்று எழுதினால் காகிதமும் பரிசோதனை எண்ணும் ஒன்றோடொன்று பொருந்தாது.

பிறகு, நோய் செல்களின் பிசிஆர்-ஏபிஎல் மரபணுவில் மருந்தை எதிர்க்கும் மாற்றம் ஏதும் உண்டா என்று பார்க்கும் மரபணு மாற்றப் பரிசோதனை. இதற்கான ரத்தத்தை இமாடினிபை நிறுத்துவதற்கு முன்பே எடுக்க வேண்டும். நிறுத்திவிட்டால் மருந்தை எதிர்த்து நின்ற செல்களின் பங்கு குறைந்து, மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். எந்த மருந்து என்பதை இந்த முடிவுதான் சொல்கிறது. ஒய்253எச் (Y253H), ஈ255கே (E255K), எஃப்359வி (F359V) என்ற மாற்றங்கள் இருந்தால் நிலோடினிப் சரிவராது, டாசாடினிப் பொருந்தும். வி299எல் (V299L), எஃப்317எல் (F317L) இருந்தால் நிலோடினிப். டி315ஐ (T315I) இருந்தால் இரண்டுமே பயனில்லை. போனாடினிப் அல்லது அசிமினிப் என்ற வேறு மருந்தைக் கேட்க வேண்டும். தவறான மாத்திரைக்கு அனுமதி வாங்கி மூன்று மாதம் வீணாவது இந்தப் படியைத் தவிர்ப்பதால்தான்.

உடலில் உள்ள மற்ற நோய்களையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள். டாசாடினிப் நுரையீரலைச் சுற்றி நீர் கோக்கச் செய்யலாம். நிலோடினிப் இதயத் துடிப்பு, சர்க்கரை, ரத்தக்குழாய் ஆகியவற்றைப் பாதிக்கும். தொடங்குமுன் ஈசிஜி, பொட்டாசியம், மக்னீசியம் பார்க்க வேண்டும். வழக்கமான அளவு டாசாடினிப் ஒரு நாளைக்கு 100 மில்லிகிராம், ஒரே வேளை. நிலோடினிப் 400 மில்லிகிராம் வீதம் இரு வேளை, வெறும் வயிற்றில். நிலோடினிபுக்கு 2 மணி நேரம் முன்பும் 1 மணி நேரம் பின்பும் சாப்பிடக் கூடாது.

புதிய மருந்திலும் 3 மாதத்துக்கு ஒருமுறை அதே பரிசோதனை தொடரும். இதுவும் தோற்றால் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கான மதிப்பீட்டையும், உடன்பிறந்தோரின் திசுப் பொருத்தப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது.