பற்றாசு: சால்டருக்கு நம்மிடம் இருக்கும் சொல்

தர்மபுரியில் எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் "லெட் கொடுங்க" என்றால் ஒயர்களை ஒட்ட உருக்கி வைக்கிற, சுருளாகச் சுற்றிய சால்டர் கம்பி வரும். மைக் செட் வைத்திருப்பவர், டிவி மெக்கானிக், எல்லோர் வாயிலும் அது லெட்தான். வேலைக்குப் பெயர் 'பத்த வைக்கிறது'. லெட் என்றால் காரீயம். ஆனால் அந்தக் கம்பியில் பெரும்பங்கு வெள்ளீயம், அதாவது டின்.

சால்டர் என்பது, 'கெட்டியான' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தமிழில் இதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதில்லை, பற்றாசு இருக்கிறது. வெறுமனே ஆசு என்றாலும் அதுதான். இரண்டு குறள் வெண்பாக்களைச் சேர்த்து நேரிசை வெண்பா ஆக்கும்போது நடுவே வரும் தனிச்சொல் ஒட்டாமல் நின்றால், முதல் குறளின் கடைசியில் ஓரிரு அசை கூட்டுவார்கள். ஒட்டாத உலோகங்களைப் பற்றாசு இட்டு ஒட்ட வைப்பது போல என்று யாப்பருங்கலக்காரிகை உரை இதை விளக்குகிறது. அந்த அசைக்கும் ஆசு என்றே பெயர். தட்டார் பட்டறைச் சொல் யாப்பு வரைக்கும் போயிருக்கிறது என்றால் எவ்வளவு புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும்!

குழப்பம் 'ஈயம்' என்ற சொல்லில்தான். காரீயமும் ஈயம், வெள்ளீயமும் ஈயம். ரசம் வைக்கிற ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுகிற ஈயமும் வெள்ளீயமாகத்தான் இருக்க வேண்டும், காரீயம் நஞ்சு. ஐரோப்பாவில் 2006 ஜூலையில் மின்னணுப் பொருட்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு 'லெட் ஃப்ரீ' பரவியது. ஓசூரில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தினசரிச் சொல். இதை 'ஈயமற்ற' என்று தமிழில் எழுதுவது தப்பு. அந்த வகையில் பரவலாக விற்கும் கம்பியில் 96.5 சதவீதம் வெள்ளீயம்! காரீயமற்ற பற்றாசு என்றே எழுத வேண்டும்.

சரி, வீட்டில் ஆடியோ கேபிள் செய்ய எதை வாங்குவது? 63/37 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம். 183 டிகிரி செல்சியஸில் ஒரேயடியாக உருகும், ஒரேயடியாக இறுகும். 60/40 இறுகுவதற்கு முன் கொஞ்சம் குழைவாக நிற்கும். அந்த நேரத்தில் ஒயர் அசைந்தால் சரியாக ஒட்டாத 'ட்ரை சால்டர்' ஆகி, பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும். காரீயமற்றதற்கு 217 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கேபிள் முனையில் போடும் மலிவான ஆர்சிஏ பின்னில் அவ்வளவு சூடு வைத்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி நடுப்பின் சாய்ந்துவிடும். வெள்ளி கலந்தது சவுண்டைத் தெளிவாக்கும் என்று சொல்லி விற்பார்கள். செம்புக்கும் பின்னுக்கும் நடுவே பற்றாசு ஒரு மெல்லிய படலம், அவ்வளவுதான். காதுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் காசுக்கு நல்ல பின் வாங்கலாம்.

கம்பிக்குள் ரோசின் இருக்கிறதா என்று பாருங்கள். பைன் மரப் பிசினிலிருந்து வருவது அது. செம்பின் மேலிருக்கும் களிம்பை நீக்கிப் பற்றாசு ஓட வழி விடும். குழாய் வேலைக்கு விற்கும் அமில பேஸ்ட் மட்டும் வேண்டவே வேண்டாம், நாளாக ஆக ஒயரை அரித்துவிடும். அப்புறம், 63/37-இல் காரீயம் உண்டு என்பதால், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டில் கை வைக்க வேண்டும்.