ஈப்பிடிப்பானா? நிறத்தை நம்பாதீர்கள், காலைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்தால் போதும், என் வாட்ஸ்அப்பில் பழுப்புக் குருவிப் படங்கள் குவிய ஆரம்பித்துவிடும். புதுச்சேரி தாவரவியல் பூங்கா, ஆரோவில், பண்ருட்டி முந்திரித் தோப்பு என்று இடம்தான் மாறும், கேள்வி ஒன்றுதான். “சார், இது பழுப்பு மார்பு ஈப்பிடிப்பான்தானே?” பறவைக் கணக்கெடுப்புக்கு மாணவர்களைத் தயார்படுத்துவது என் வேலை என்பதால் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. பெரும்பாலும் அது சாதாரண பழுப்பு ஈப்பிடிப்பானாகவே இருக்கும்.

இரண்டும் குளிர்கால விருந்தாளிகள். இரண்டுக்கும் பெரிய கண், அதைச் சுற்றி வெளிறிய வளையம். இளவெயிலில் எந்தப் பழுப்பும் செம்பழுப்பாகத் தெரியும். கேமராவும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாயம் ஏற்றும். அதனால் முதுகை விட்டுவிட்டுக் காலைப் பாருங்கள். கறுத்திருந்தால் பழுப்பு ஈப்பிடிப்பான். வெளிறிய தோல் நிறமென்றால் பழுப்பு மார்பு. அப்புறம் கீழ் அலகு. முன்னதற்கு அடிப்பக்கம் மட்டும் வெளிறி, நுனி கறுத்திருக்கும். பின்னதற்கு நுனிவரை மஞ்சள். பறவை தலைக்கு மேலே உட்கார்ந்திருந்தால் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

உட்காரும் இடமும் பேசும். பழுப்பு ஈப்பிடிப்பான் மறைப்பில்லாத கிளையில் நிமிர்ந்து உட்காரும். பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு, பல நேரம் அதே கிளைக்கே திரும்பும். பழுப்பு மார்பு கூச்ச சுபாவம்: தாழ்ந்த கிளை, புதர் நிழல், சத்தமே இருக்காது. (1854இல் இதை விவரித்த பறவையியலாளர் லேயார்டு, அறிவியல் பெயரில் தன் பணியாளர் முத்துவைச் சேர்த்தார். நம்மூர்ப் பெயர்தான்!)

நீல ஈப்பிடிப்பான்களில் ஆண்கள் சுலபம். டிக்கெல் நீல ஈப்பிடிப்பானுக்குத் தொண்டையிலிருந்தே ஆரஞ்சு. நீலத்தொண்டை ஈப்பிடிப்பானுக்குப் பெயரே விடை. சிக்கல் பெண்களிடம். மேல்பக்கம் மங்கலாகவாவது நீலம் இருந்தால் டிக்கெல். நீலமே இல்லாமல் பழுப்பாக இருந்தால் நீலத்தொண்டையா என்று யோசிக்கலாம். டிக்கெல் தென்னிந்தியாவில் ஆண்டு முழுக்க இருக்கும். நீலத்தொண்டையோ குளிர்கால விருந்தாளி; சித்திரை வெயிலில் அதைப் பார்த்ததாக யாராவது சொன்னால் நான் படம் கேட்பேன்.

இவ்வளவு கறார் எதற்கு? 2023இல் வந்த ‘இந்தியப் பறவைகளின் நிலை’ அறிக்கை, நம்மைப் போன்றவர்கள் ஈபேர்டு (eBird) என்ற பறவைப் பதிவுத் தளத்தில் ஏற்றிய பட்டியல்களை வைத்துத்தான் தயாரானது. படத்தை வைத்துப் பறவையின் பெயர் சொல்லும் செயலி சொன்னதை அப்படியே பதிந்தால் தவறும் சேர்ந்தே போகும். சந்தேகமாக இருந்தால் இனம் குறிக்காமல் ‘ஈப்பிடிப்பான்’ என்று மட்டும் பதியுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. எனக்கு அனுப்பும்போது அழகுக்காக வெட்டிய படம் வேண்டாம். மங்கலானாலும் கால் தெரிகிற படம் போதும். எவ்வளவு உயரத்தில், வெயிலிலா நிழலிலா உட்கார்ந்திருந்தது என்று ஒரு வரியும் சேர்த்து அனுப்புங்கள்.